பியானோ மேதை கிளாரா சூமான் அம்மையார்

உழைக்கும் கை ஒருநாள் வலிக்கும் என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடியற்பொழுதில் கத்தி பிடித்து மரம் சீவுவோரின் மணிக்கட்டும், நாள் முழுவதும் தையற்பொறியின்முன் குனிந்திருப்போரின் தோளும் அதனை நன்கறியும். ஆயின், பட்டாடை உடுத்து, விளக்கொளி பொலியும் அரங்கில் அமர்ந்து இன்னிசை பொழியும் கலைஞரின் கையும் அவ்வாறே நோகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்து விரல்களை நம்பி ஒரு பெருங்குடும்பத்தைக் காத்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் இம்மலரில் கூற விழைகின்றோம். அவர்தாம் ஜெர்மனி நாட்டின் கிளாரா சூமான் அம்மையார்.

பியானோ மேலைநாட்டு இசைக்கருவி. நம் தேவார வகுப்பில் ஒலிக்கும் ஆர்மோனியத்தில் உள்ளவை போன்றே அதிலும் வெள்ளையும் கறுப்புமாய்க் கட்டைகள் உண்டு. ஆர்மோனியத்தில் காற்று ஒலி எழுப்புகின்றது. பியானோவிலோ, கட்டையை அழுத்தியவுடன் மெத்தென்ற உறை போர்த்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து, உள்ளே இழுத்துக் கட்டப்பட்ட கம்பியைத் தட்டுகின்றது. மெல்ல அழுத்தினால் மெல்லொலி. விரைந்து அழுத்தினால் பேரொலி. ஆதலால் ஒலியின் மென்மையும் வன்மையும் வாசிப்பவர் கையிலேயே உள்ளன. கருவியின் பெருமை அது. கைக்கு வரும் இடரும் அதிலிருந்தே தொடங்குகின்றது.

கிளாரா 1819ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீடரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வாணிகமும் செய்தவர். தாய் மரியானே, பாடுவதிலும் பியானோ வாசிப்பதிலும் வல்லவர். பெற்றோரிடையே ஒற்றுமை நிலவவில்லை. கிளாராவுக்கு ஐந்து வயது நிறையுமுன் தாய் பிரிந்து சென்றார். அந்நாட்டுச் சட்டப்படி குழந்தை தந்தையின் பொறுப்பாயிற்று. நான்கு வயதைக் கடக்கும்வரை கிளாரா வாய் திறந்து பேசவில்லை. காது கேளாத பிள்ளை என்றே வீட்டார் கருதினர். பேச்சு வராத அக்குழந்தைக்கு இசை மட்டும் வந்தது.

வீக் கண்டிப்பு மிகுந்தவர். பிள்ளைகளிடம் கடுமையாகவும் நடந்துகொண்டவர். மகளின் நாட்குறிப்பைத் தாமே மகள் எழுதுவது போல் எழுதி வைத்தவர் என்றால் அவர்தம் ஆளுமை எத்தகையது என்று உணரலாம். அவரை நல்ல தந்தை என்று கூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் நல்ல ஆசிரியர் என்பதை மறுத்தற்கியலாது.

அவர் பாடம் கற்பித்த முறை அக்காலத்தில் புதுமையானது. தொடக்கத்தில் இசைக்குறியீட்டு ஏட்டைக் குழந்தையின் கண்ணில் காட்டவே இல்லை. செவியால் கேட்டு, விரலால் தேடி, சிறு சிறு இசைத் துணுக்குகளை வாசிக்கச் செய்தார். மணிக்கட்டு எப்பொழுதும் தளர்ந்திருக்க வேண்டும். தோளை இறுக்கிக்கொண்டு கட்டையைக் குத்துதல் ஆகாது. ஒலி அழகாக இருத்தல் வேண்டும். இவை அவர்தம் கட்டளைகள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பாடம், இரண்டு மணி நேரப் பயிற்சி. அதற்குமேல் இல்லை. நாள்தோறும் திறந்த வெளியில் நெடுந்தொலைவு நடக்கவும் மகளை அழைத்துச் சென்றார். களைத்த விரல் தவற்றையே கற்கும் என்பது அவர் கொண்ட கருத்து. உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் ஒருவர் சிறு வயதில் நாள்தோறும் மூன்று மணி நேரமே கருவியின்முன் அமர்ந்தார் என்பதை, தேர்வுக் காலத்தில் பிள்ளைகளை நள்ளிரவுவரை விழிக்கச் செய்யும் பெற்றோர் கருத்திற்கொள்வாராக. அதே வீக், பியானோவின் பொருட்டு மகளைப் பள்ளிக்கூடத்திற்கு மிகக் குறைந்த காலமே அனுப்பினார் என்பதையும் கூறிவிடுகின்றோம். அதனை எவரும் பின்பற்ற வேண்டா.

1828ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஒன்பது வயதுச் சிறுமி கிளாரா லைப்சிக் நகரின் புகழ்வாய்ந்த கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறினார். பதினொன்றாம் வயதில் அதே அரங்கில் தனி நிகழ்ச்சியே நடத்தினார். பின்னர்ப் பாரிஸ், வியன்னா எனப் பயணங்கள் தொடர்ந்தன. 1838ஆம் ஆண்டு ஆஸ்திரிய அரசவை அவருக்கு அரண்மனைக் கலைஞர் என்னும் பட்டத்தை அளித்தபோது அவருக்கு வயது பதினெட்டே.

இனி, அவ்வீட்டிற்கு வந்த மாணவர் ஒருவரைப் பற்றிக் கூறியாக வேண்டும். அவர் பெயர் இராபர்ட் சூமான். 1810ஆம் ஆண்டு பிறந்தவர். சட்டம் படிக்க லைப்சிக் வந்து, சட்டத்தில் மனம் செல்லாமல், பியானோக் கலைஞராகும் ஆசையால் 1830ஆம் ஆண்டு வீக்கின் வீட்டிலேயே தங்கிப் பயிலத் தொடங்கினார். இருபது வயது ஆகிவிட்டது. தம்மினும் ஒன்பது வயது இளைய சிறுமி தம்மைக் காட்டிலும் பன்மடங்கு நன்றாக வாசிப்பதை நாள்தோறும் கேட்டார். விரைவில் முன்னேற வேண்டும் என்னும் ஆவல் அவரை அரித்தது.

1831ஆம் ஆண்டு செப்டம்பரில் வீக் தம் மகளை அழைத்துக்கொண்டு பாரிஸ் பயணம் புறப்பட்டார். மறு ஆண்டு மே மாதமே திரும்பினார். ஆசிரியர் இல்லாத அந்த மாதங்களில் இராபர்ட்டின் கைக்குக் கேடு முற்றியது. வலக்கை நடுவிரல் அவர் சொற்படி கேட்க மறுத்தது. அதனை வலுப்படுத்த எண்ணி, விரலை இழுத்துப் பிடிக்கும் கருவி ஒன்றைத் தாமே அமைத்துப் பயன்படுத்தினார். அக்காலத்தில் இத்தகைய கருவிகள் ஐரோப்பாவெங்கும் விற்பனையாயின. லோஜியர் என்பார் 1814ஆம் ஆண்டிலேயே கையைச் சட்டத்திற்குள் அடைத்து நிறுத்தும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். குறுக்கு வழி எக்காலத்திலும் நன்றாகவே விலை போகின்றது!

நம் கையின் அமைப்பைச் சற்று அறிந்தால் இதிலுள்ள தவறு விளங்கும். விரல்களை மடக்கி நீட்டும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே முன்னங்கையில் உள்ளன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுகளைப் போல மணிக்கட்டின் குறுகிய வழியாகச் சென்று விரல்களை இயக்குகின்றன. பிள்ளைகள் ஒரு கையால் மற்றொரு முன்னங்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை அசைத்துப் பார்க்கட்டும். தோலின் கீழே தசை புரளுவதை உணர்வர். மேலும், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. நடுவிரலை மடக்கிக்கொண்டு மோதிரவிரலை மட்டும் உயர்த்த முயன்றால் அது எழ மறுக்கும். அது சோம்பல் அன்று, பிறவி அமைப்பு. அவ்வமைப்பை வலிந்து இழுத்து மாற்றிவிடலாம் என்று எண்ணியோர் பலர் தம் கையை இழந்தனர்.

இராபர்ட் செய்துகொண்ட மருத்துவங்களைக் கேட்டால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வர். அப்போது வெட்டிய விலங்கின் குடற்பகுதிக்குள், வெதுவெதுப்பு ஆறுமுன், கையை நுழைத்து வைத்திருக்குமாறு மருத்துவர் பணித்தார். அதனையும் செய்தார். சாராயம் தோய்த்த கட்டுகளையும் கட்டிப் பார்த்தார். மின்சாரச் சிகிச்சையையும் நாடினார். எதுவும் பயன் தரவில்லை. 1832ஆம் ஆண்டின் இறுதியில், விரல் இனிக் குணமாகாது என்று தம் தாய்க்கு எழுதிவிட்டார். அவருக்கு நேர்ந்தது வெறும் தசைக்காயம் அன்று என்றும், ஒரே அசைவை அளவின்றித் திரும்பத் திரும்பச் செய்ததால் விரலை ஆளும் மூளைப் பகுதியே குழம்பிப்போகும் ஒரு நோய் என்றும் இக்கால மருத்துவ ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அந்நோய் கண்ட விரல் மற்ற வேலைகளை ஒழுங்காகச் செய்யும்; இசைக்கருவியைத் தொட்டவுடன் மட்டும் விறைக்கும் அல்லது மடங்கும். பிற்காலத்தில் வீக் 1853ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், தம் விருப்பத்திற்கு மாறாக, தமக்குத் தெரியாமல் ஒரு மாணவர் பயன்படுத்திய அவ்விரல் வதைக் கருவியைக் கடுமையாகச் சாடியுள்ளார்.

பியானோக் கலைஞராகும் கனவு கலைந்த இராபர்ட், இசை இயற்றுவதில் முழு மனத்தையும் செலுத்தினார். அவர் இயற்றியவற்றை உலகிற்கு வாசித்துக் காட்டும் கைகளாகக் கிளாராவின் கைகள் அமைந்தன. இருவரும் காதல் கொண்டனர். வீக் கடுமையாக எதிர்த்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. நீதிமன்றத்தின் இசைவோடு, 1840ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், கிளாராவின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு முந்திய நாள், லைப்சிக்கை அடுத்த சிற்றூர்க் கோவிலில் திருமணம் நடந்தேறியது.

இல்லறத்தில் எண்மர் குழந்தைகள் பிறந்தனர். ஆண்மகவு ஒன்று குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. கணவர் இசை இயற்றும் நேரத்தில் வீட்டில் மற்றொரு பியானோ ஒலித்தல் ஆகாது. ஆதலால் கிளாரா தம் பயிற்சியைக் கிடைத்த நேரத்தில் கிடைத்தவாறு முடித்துக்கொண்டார். தந்தை வகுத்த ஒழுங்கு அங்கேயே குலைந்தது என்பது எம் எண்ணம். 1849ஆம் ஆண்டு டிரெஸ்டன் நகரில் கலகம் மூண்டபோது, நிறைசூலியாய் இருந்த அவர், நகரில் விட்டுவந்த குழந்தைகளை மீட்க, போர் நடந்த வழியே நடந்து சென்று திரும்பினார். அத்துணை நெஞ்சுரம் கொண்டவர்.

1854ஆம் ஆண்டு இராபர்ட் மனநோயால் பீடிக்கப்பட்டு, பான் நகருக்கு அருகில் எண்டனிக் என்னும் ஊரிலிருந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1856ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அங்கேயே காலமானார். முப்பத்தாறு வயதில் ஏழு குழந்தைகளோடு கிளாரா கைம்பெண் ஆனார். நண்பர்கள் நிதி திரட்டித் தர முன்வந்தனர். அவர் அதனை ஏற்கவில்லை. தம் கைகளால் ஈட்டிய பொருளிலேயே பிள்ளைகளை வளர்ப்பதென உறுதிபூண்டார். குழந்தைகளை உறவினரிடமும் விடுதிகளிலும் பணிப்பெண்களிடமும் ஒப்படைத்துவிட்டு, ஊர் ஊராகச் சென்று வாசித்தார். இளம் இசைப்புலவர் யோகான்னஸ் பிராம்ஸ், உடன்பிறந்தார் போல அக்குடும்பத்திற்குத் துணை நின்றார். வாழ்நாளில் கிளாரா வாசித்த நிகழ்ச்சிகளுள் 1,300க்கு மேற்பட்டவற்றின் நிகழ்ச்சித் தாள்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

அவ்வளவு பயணத்தையும் உழைப்பையும் கை எவ்வாறு தாங்கும்? 1857ஆம் ஆண்டு முதன்முறையாகக் கடும் வலி கண்டது, நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. சில நாளில் வலி தணிந்தது. மீண்டும் பயணம் தொடங்கியது. தணிந்த வலியை மறந்துவிடுவது மனித இயல்பு. மற்றொன்றையும் இங்கே கூறவேண்டும். கிளாரா சிறுமியாய் இருந்தபோது பியானோவின் கட்டைகள் மிக இலேசானவை. கருவியின் சட்டம் மரத்தால் ஆனது. அவர் முதுமையை நெருங்கும்போதோ, கருவிகள் இரும்புச் சட்டமும் தடித்த கம்பிகளும் கொண்டு பெருத்துவிட்டன, கட்டைகளும் கனத்தன. அரங்குகளும் பெரியவை ஆயின. இசையும் மாறியது. பிராம்ஸ் இயற்றிய டி மைனர் கான்செர்ட்டோ ஒரு முழு இசைக்குழுவுக்கு நிகரான முழக்கத்தைப் பியானோவிடம் கேட்பது. சிறிய கைகளை உடைய அம்மையார் அன்பின் காரணமாக அப்படைப்புகளை விடாமல் பயின்றார்.

1872ஆம் ஆண்டு தாயும் மகள் ஜூலியும் இறந்தனர். அதற்கு முன்பே மகன் லுட்விக் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். 1873ஆம் ஆண்டு தந்தை மறைந்தார். அவ்வாண்டிலேயே கைவலி மீண்டும் தாக்கியது. இம்முறை விடவில்லை. ஓராண்டுக்கு மேலாக அவரால் மேடையேற இயலவில்லை. ஐம்பத்து நான்கு வயது. வருவாய்க்கு வேறு வழியில்லை. இனி வாசிக்கவே முடியாதோ என்னும் அச்சம். இளமையில் இராபர்ட்டின் விரல் முடங்கியதை அருகிலிருந்து கண்டவர் ஆதலால், அவ்வச்சம் மற்றவர்க்கு நேர்வதினும் கொடியதாய் இருந்திருக்கும். டெப்லிட்ஸ் ஊரின் வெந்நீர் ஊற்றுகளில் நீராடிப் பார்த்தார். ஓய்வும் எடுத்தார். பலனில்லை.

1875ஆம் ஆண்டு அவர் கீல் நகர் சென்று எஸ்மார்க் என்னும் பேராசிரியரிடம் தம் கையைக் காட்டினார். இப்பெயர் நம் பள்ளிச் செஞ்சிலுவை, செம்பிறை இயக்க மாணவர்க்கு அயலானதன்று. முதலுதவிப் பயிற்சியில் கையைத் தொங்கவிடக் கட்டும் முக்கோணத் துணியை உலகெங்கும் பரவச் செய்தவர் அவரே. போர்க்களத்தில் காயங்களைக் கண்ட அறுவை மருத்துவர், இசைக் கலைஞரின் கைவலியை வேறு கண்ணோடு நோக்கினார். கையை முற்றிலும் அசையாது வைத்திருக்கச் செய்யவில்லை. பிடித்துவிடுதலும் இயக்கப் பயிற்சியும் அளித்தார். அளவோடு பியானோ வாசிக்குமாறும் ஊக்கினார். வலி கண்ட கையைக் காட்டிலும், வலிக்கும் வலிக்கும் என்று அஞ்சி இறுகிக்கொண்ட மனத்திற்கே முதலில் மருந்து தேவைப்பட்டது போலும். இக்கால மருத்துவ ஆய்வாளர் இச்சிகிச்சையை ஆராய்ந்து, உடலுக்கும் மனத்துக்கும் ஒருங்கே செய்த வலி மருத்துவம் என்று பாராட்டியுள்ளனர். அவ்வாண்டே அம்மையார் மீண்டும் மேடையேறினார்.

அதன்பின் கை முற்றிலும் தொல்லை தராமல் இருந்ததெனக் கூறுவதற்கில்லை. 1877ஆம் ஆண்டு பிராம்ஸ், பழம்பெரும் இசைமேதை பாக் வயலினுக்கென இயற்றிய ஒன்றை, இடக்கை மட்டும் வாசிக்குமாறு பியானோவுக்கு மாற்றி எழுதி அம்மையாருக்கு அனுப்பினார். அது வந்து சேர்ந்த வேளையில், மேசையின் இழுப்பறையைத் திறக்க முயன்ற அம்மையாரின் வலக்கை நரம்பு பிசகியிருந்தது! ஆயிரக்கணக்கான அரங்குகளில் தப்பிய கை, ஓர் இழுப்பறையிடம் தோற்றது. இடக்கை இசை தக்க நேரத்தில் வந்ததென அவர் மகிழ்ந்தார்.

1878ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரின் ஹாக் இசைக்கல்லூரி அவரைப் பியானோப் பேராசிரியராக அமர்த்தியது. ஆசிரியர் குழுவில் அவர் ஒருவரே பெண். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமே கற்பிப்பது, தம் இல்லத்திலேயே பாடம் நடத்துவது, நீண்ட விடுமுறையும் பயணங்களுக்கு இசைவும் பெறுவது என்னும் உடன்பாட்டோடு அப்பணியை ஏற்றார். தம் கையின் அளவை அறிந்துகொண்டவரின் உடன்பாடு அது. மூத்த மகள் மேரியும் இளைய மகள் யூஜினியும் துணையாசிரியர் ஆயினர். புதிதாய் வந்த மாணவர் முதலில் மகளிரிடம் கை நிலையைச் சீர்படுத்திக்கொண்ட பின்னரே அம்மையாரிடம் செல்ல முடிந்தது. இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர் தேடி வந்தனர். பேனி டேவிஸ், லெனர்ட் பார்விக், அடெலினா டி லாரா ஆகியோர் அவர்களுள் சிலர்.

அம்மையார் கற்பித்தவை, அரை நூற்றாண்டுக்கு முன் தந்தையிடம் தாம் கற்றவையே. வலியால் உரைத்துப் பார்த்துத் தேர்ந்தவை. விரல்கள் கட்டைகளை ஒட்டியே இருத்தல் வேண்டும். உயரத்திலிருந்து ஓங்கி அடிக்கலாகாது. அழுத்தியே ஒலி பெறுதல் வேண்டும். மணிக்கட்டும் முழங்கையும் தளர்ந்திருத்தல் வேண்டும். உடலை ஆட்டிக் காண்போரை மயக்கும் வித்தை வேண்டா. அவர் தாமும் ஒவ்வொரு காலையும் விரல்களைப் பழக்கியே இசைக்குள் புகுந்தார். அப்பழக்கமும் எந்திரம் போல் ஒன்றையே திரும்ப அடிப்பதன்று. சுர வரிசைகளை நாள்தோறும் புதுப்புது வழியில் பெருக்கெடுத்து ஓடவிடுவார் என்று யூஜினி தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். பக்கத்து அறையில் அதனைக் கேட்டு வளர்ந்தவர் அம்மகள்.

பிள்ளைகள் வழியில் துயரம் முடிவின்றித் தொடர்ந்தது. கடைசி மகன் பெலிக்ஸ் 1879ஆம் ஆண்டு காசநோய்க்கு இரையானார். மற்றொரு மகன் பெர்டினாண்டும் தாய்க்கு முன்னரே இறந்தார். அவர்தம் பிள்ளைகளையும் பாட்டியே காக்க நேர்ந்தது. இவற்றினிடையே கணவரின் படைப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்திப் பதிப்பிக்கும் பெரும்பணியை முடித்தார். 1891ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், எழுபத்தொன்றாம் வயதில், பிராங்பர்ட்டில் இறுதியாக மேடையேறினார். ஒன்பது வயதில் தொடங்கிய அரங்க வாழ்வு அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் நிறைவெய்தியது. அடுத்த ஆண்டு ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். 1896ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் இயற்கை எய்தினார். பான் நகரில் இராபர்ட்டின் கல்லறையிலேயே அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

ஜெர்மனி நாட்டார் 1990ஆம் ஆண்டு முதல் யூரோ நாணயம் வழக்கிற்கு வரும்வரை, தம் நூறு மார்க் பணத்தாளில் அம்மையாரின் உருவத்தைப் பொறித்திருந்தனர். அதன் மறுபக்கத்தில் இருப்பது பியானோ.

அவருடைய வாசிப்பைக் கேட்க நமக்கு வழியில்லை. ஒலிப்பதிவு எதுவும் கிடைத்திலது. ஆயினும் அவர்தம் மாணவி அடெலினா டி லாரா, எண்பது வயதை ஒட்டிய முதுமையில், 1950ஆம் ஆண்டையடுத்த காலத்தில், இராபர்ட் சூமானின் படைப்புகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். அவை இன்றும் கிடைக்கின்றன. அவ்வயதிலும் அம்மூதாட்டியின் விரல்கள் கட்டைகளின்மேல் இயங்குவதை அவற்றில் கேட்கலாம்.